முதல் உயிர் எப்படி வந்ததென்று தெரியாவிட்டால் பரிணாமம் பொய்யாகிவிடுமா?

கேள்வி குடியாத்தத்திலிருந்து. கேட்டவரின் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். அறிவியல் புத்தகத்தில் "உயிரின் தோற்றமும் பரிணாமமும்" பாடம் நடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சபையில் ஆறு நாளில் படைப்பு என்று கேட்டுவிட்டு வருகிறாள். அப்பாவுக்கு மூன்று சந்தேகம். முதல் உயிர் எப்படி வந்தது என்று விஞ்ஞானிகளுக்கே தெரியாதாமே, அப்படியானால் பரிணாமம் மொத்தமும் ஊகம்தானே? கோடிக்கணக்கான வருஷம் என்கிறார்களே, நம் வேலூர் மலைகளில் ஒரு எலும்போ சிப்பியோ கிடைத்திருக்கிறதா? பிள்ளைக்கு என்ன சொல்வது?

மூன்றும் நியாயமான கேள்விகள். முதல் கேள்வியில்தான் ஒரு முடிச்சு இருக்கிறது, அதை முதலில் அவிழ்த்துவிடுகிறேன். பாடத்தின் தலைப்பே இரண்டு தனி விஷயங்களை ஒரு கயிற்றில் கட்டியிருக்கிறது. உயிரில்லாத வேதிப்பொருள்களிலிருந்து முதல் உயிர் எப்படி வந்தது என்பது ஒன்று. வந்த உயிர் எப்படி இத்தனை வகையாகக் கிளைத்தது என்பது இன்னொன்று. பரிணாமம் என்ற சொல் இரண்டாவதைத்தான் குறிக்கும். ரோட்டோரத்துப் புளியமரத்தை நட்டது யார் என்று ஊரில் யாருக்கும் தெரியாமல் இருக்கலாம். அதன் கிளைகள் எல்லாம் ஒரே அடிமரத்திலிருந்து பிரிந்தவை என்பதைத் தெரிந்துகொள்ள, நட்டவர் பெயர் வேண்டியதில்லை. டார்வின் 1859-இல் எழுதிய நூலும் முதல் உயிரின் கதையைச் சொல்லவில்லை. மறுவருடம் வந்த இரண்டாம் பதிப்பின் கடைசி வாக்கியத்தில், உயிர்மூச்சு படைத்தவரால் ஊதப்பட்டது என்ற பொருளில் ஒரு சொல்லைக்கூடச் சேர்த்தார். வெதுவெதுப்பான சிறு குட்டையில் உயிர் தொடங்கியிருக்கலாம் என்ற எண்ணத்தை 1871-இல் நண்பர் ஹூக்கருக்கு எழுதிய கடிதத்தில் போகிறபோக்கில் சொன்னார், அவ்வளவுதான்.

ஆகவே "முதல் உயிர் எப்படி வந்தது என்று தெரியவில்லை" என்று சபையில் சொன்னால், அது சரி. அதை மறுக்கச் சொல்லி மகளிடம் சொல்லாதீர்கள். ஆனால் எது தெரியும், எது தெரியாது என்று பிரித்துச் சொல்ல அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தெரிந்ததிலிருந்து தொடங்குவோம். ரஷ்ய வேதியியலாளர் ஒபாரின் 1924-லும் பிரிட்டிஷ் உயிரியலாளர் ஹால்டேன் 1929-லும் தனித்தனியாக ஒரே கருத்தைச் சொன்னார்கள்: ஆக்சிஜன் இல்லாத பழைய பூமியில் மின்னலும் சூரியனின் புற ஊதாக் கதிரும் எளிய வாயுக்களைக் கரிமப் பொருள்களாக்கியிருக்கும். (ஹால்டேன் 1957-இல் இந்தியாவுக்கே குடிபெயர்ந்து 1964-இல் புவனேஸ்வரில் இறந்தார், இன்றும் பலருக்கு இது தெரியாது.) 1953-இல் ஸ்டான்லி மில்லர் இதைக் கண்ணாடிக் குடுவையில் செய்துபார்த்தார். ஒரு குடுவையில் நீர் கொதிக்கும், அந்த ஆவி மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜனோடு கலந்து 5 லிட்டர் குடுவைக்குப் போகும், அங்கே மின்பொறி, பிறகு குளிர்ந்து மறுபடி கீழே வரும். இப்படியே ஒரு வாரம். முதல் நாள் கழித்து நீர் இளஞ்சிவப்பானது. வாரக் கடைசியில் கருஞ்சிவப்பாகக் கலங்கிப்போனது. அதில் கிளைசின், அலனின் என்ற அமினோ அமிலங்கள், அதாவது புரதம் கட்டும் செங்கற்கள், உறுதியாக இருந்தன. மில்லர் மூடிவைத்திருந்த பழைய குப்பிகளை 2008-இல் நவீனக் கருவிகளால் சோதித்தபோது இருபதுக்கும் மேற்பட்டவை தென்பட்டன.

இந்தச் சோதனையின் குறையையும் மகள் தெரிந்துகொள்ளட்டும், ஏனென்றால் எதிர்வாதம் அங்கிருந்துதான் வரும். பழைய பூமியின் காற்றில் மீத்தேனும் அம்மோனியாவும் அவ்வளவு இருந்திருக்காது, கார்பன் டை ஆக்சைடும் நைட்ரஜனுமே மிகுந்திருக்கும் என்பது பின்னால் வலுப்பட்ட கருத்து. அந்தக் கலவையில் விளைச்சல் குறையும். அதோடு, குடுவையில் சேர்ந்ததில் பெரும்பகுதி தார் போன்ற பிசுக்குதான். ஆனால் அமினோ அமிலம் கிடைக்க அந்தக் குடுவை மட்டுமே வழி என்றில்லை. 1969-இல் ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசனில் விழுந்த விண்கல்லில் அமினோ அமிலங்கள் இருப்பதை 1970-இல் அறிவித்த குழுவில் இலங்கையின் காலியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்த சிரில் பொன்னம்பெரும இருந்தார். பென்னு என்ற சிறுகோளிலிருந்து 2023 செப்டம்பரில் பூமிக்கு வந்த மண்ணில், உயிர்கள் பயன்படுத்தும் 20 அமினோ அமிலங்களில் 14-உம், மரபுச் செய்தியைச் சுமக்கும் டிஎன்ஏ, ஆர்என்ஏ இரண்டுக்கும் எழுத்துகளாக வேண்டிய ஐந்து காரங்களும் இருந்ததை 2025 ஜனவரியில் வெளியிட்டார்கள். செங்கல் இயற்கையாகக் கிடைக்கும் என்பதில் இப்போது சண்டை இல்லை.

செங்கல் வீடாவதில்தான் சண்டை. உடலில் புரதம் கட்ட டிஎன்ஏ வேண்டும், டிஎன்ஏவைப் படிக்கப் புரதம் வேண்டும். கோழியா முட்டையா கதை. 1982-இல் தாமஸ் செக், ஒற்றைச் செல் உயிரி ஒன்றின் ஆர்என்ஏ தன்னைத்தானே வெட்டி ஒட்டிக்கொள்வதைக் கண்டார். செய்தியைச் சுமக்கும் பொருளே வேலையும் செய்கிறது. நம் செல்களில் புரதம் கோக்கும் இயந்திரமான ரைபோசோமில் கோக்கிற இடம் முழுக்க ஆர்என்ஏதான் என்பதும் அதன் முப்பரிமாண வடிவம் வந்தபோது தெளிந்தது. ரைபோசோம் வேலைக்காக 2009-இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன். புரதத்துக்கு முன்னால் ஆர்என்ஏ உலகம் ஒன்று இருந்தது என்பதற்கு இன்றைக்கு நம் உடம்பிலேயே இருக்கும் மிகப் பெரிய தடயம் அதுதான்.

இனி எங்கே முட்டி நிற்கிறது என்று சொல்கிறேன். ஆர்என்ஏவின் முதுகெலும்பு ரைபோஸ் என்ற சர்க்கரை. அது 100 டிகிரியில் வெறும் 73 நிமிடத்தில் பாதி அழிந்துவிடும். பூஜ்ஜிய டிகிரியில் வைத்தாலும் 44 வருடத்தில் பாதி போய்விடும். பூமியின் கணக்கில் அது ஒரு கண்சிமிட்டல். 2009-இல் வேதியியலாளர் சதர்லாண்டின் குழு ரைபோஸைத் தனியாக உண்டாக்காமலேயே ஆர்என்ஏ எழுத்துகளில் இரண்டை உண்டாக்கி இந்தத் தடையைச் சுற்றிக்கொண்டு போனது. ஆனால் ஒவ்வொரு படியிலும் சரியான பொருளைச் சரியான நேரத்தில் வேதியியலாளரின் கைதான் சேர்த்தது. குட்டைக்கு அந்தக் கை எங்கிருந்து வந்தது என்று கேட்பவர் கேட்கத்தான் வேண்டும். அடுத்தது இடக்கை வலக்கைச் சிக்கல். அமினோ அமிலங்கள் கண்ணாடிப் பிம்பம் போல இரண்டு வடிவில் வரும். உயிர்களின் புரதங்களில் இருப்பவை இடக்கை வடிவம். பென்னுவின் மண்ணில் இரண்டும் ஏறத்தாழ சரிபாதி. எப்போது, எதனால் ஒரு பக்கம் வென்றது என்பதற்குப் பல முன்மொழிவுகள் உண்டு, தீர்ப்பு இல்லை. தன்னை முழுமையாகத் தானே படியெடுத்து, படியெடுப்பில் வரும் பிழைகளிலிருந்து வளரும் ஆர்என்ஏவை வெறும் வேதிக் கலவையிலிருந்து எழுப்பிக் காட்டியவரும் இல்லை.

"தற்செயலாக ஒரு புரதம் உருவாக 1-க்குப் பின் 130 பூஜ்ஜியம் போட்ட எண்ணில் ஒரு வாய்ப்பு" என்ற கணக்கை மகள் கட்டாயம் கேட்டிருப்பாள். 20 அமினோ அமிலங்களை 100 இடத்தில் அடுக்கும் கணக்கு அது. பெருக்கலில் தப்பில்லை. தப்பு, ஒரே ஒரு அடுக்குதான் வேலை செய்யும் என்று வைத்துக்கொண்டதில். 2001-இல் கீஃப், சோஸ்டாக் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 80 அமினோ அமில நீளத்தில் கண்ணை மூடிக் கோத்த 6 லட்சம் கோடி புரதங்களை எடுத்து, ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறைப் பிடிப்பவை எத்தனை என்று தேடினார்கள். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கு குடும்பங்கள் கிடைத்தன. அரிதுதான், ஆனால் 130 பூஜ்ஜியத்துக்கு எங்கோ கீழே.

முதல் உயிர் பற்றி இவ்வளவுதான். இனி பரிணாமம். இங்கே நிலைமையே வேறு. இது நம் ஊர்ச் சந்தையிலும் ஆய்வுக்கூடத்திலும் கண்முன் நடப்பது.

அணைக்கட்டுப் பக்கத்து இலவம்பாடி முள்கத்திரியை எடுத்துக்கொள்ளுங்கள். 2023-இல் வேலூர் முள் கத்திரி என்று புவிசார் குறியீடு வாங்கியது. ஒரு காயைக் கையில் வைத்துப் பாருங்கள்: காம்பிலும், காயைத் தொப்பி போல் மூடியிருக்கும் பச்சை இதழ்களிலும் முள், செடியில் தண்டிலும் இலை நரம்பிலும் முள். கத்திரியின் காட்டு மூதாதை இன்றும் தென்னிந்தியப் புதர்களில் வளர்கிறது: சின்னக் காய், கசப்பு, உடம்பெல்லாம் முள். எங்கெல்லாம் மனிதன் முள் குறைந்த செடியின் விதையைத் திரும்பத் திரும்ப எடுத்துவைத்தானோ அங்கெல்லாம் முள் போனது. முள்ளுக்குப் பொறுப்பான மரபணுவில் விழுந்த பழுதுதான் காரணம் என்று 2024-இல் கண்டார்கள். அதே மரபணுக் குடும்பம் கத்திரியில் மட்டுமல்லாமல் ரோஜா போன்ற தூரத்துச் செடிகளிலும் முள்ளைத் தீர்மானிக்கிறது. இலவம்பாடியில் சுவைக்காகத் தேர்ந்தார்கள், முள்ளை விட்டுவைத்தார்கள். நன்றாகக் காய்த்த செடியில் காயை மஞ்சளாகப் பழுக்கவிட்டு, விதையைக் கழுவி, நிழலில் உலர்த்தி எடுத்துவைப்பதுதான் தேர்வு. இதில் எது கெடுக்கும்? பக்கத்து வயலில் வேறு ரகம் இருந்தால் வண்டு மகரந்தத்தைக் கொண்டுவந்து கலந்துவிடும். ஆதார விதைக்கு 200 மீட்டர் இடைவெளி கேட்பது அதனால்தான். மனிதன் செய்யும் இந்தத் தேர்வைப் பஞ்சமும் பூச்சியும் வெயிலும் செய்தால் அதற்குப் பெயர் இயற்கைத் தேர்வு.

ஆஸ்பத்திரி ஊரான வேலூரில் இதைவிட நெருக்கமான சான்று டைபாய்டு. நோயாளியின் ரத்தத்தில் வளர்த்தெடுத்த கிருமியைக் குறிப்பிட்ட அடர்த்திக்குக் கலக்கி, கிருமி வளர்க்க 4 மில்லிமீட்டர் தடிமனில் கூழ் போல ஊற்றிய அகார் தட்டில் பூசி, 5 மைக்ரோகிராம் சிப்ரோஃபிளாக்சசின் ஏறிய சின்னக் காகித வில்லையை வைத்து, 35 டிகிரியில் 16 முதல் 18 மணி நேரம் விடுவார்கள். மருந்து ஊறிய இடத்தில் கிருமி வளராமல் தெளிந்த வட்டம் விழும். டைபாய்டுக் கிருமிக்கு வட்டம் 31 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் மருந்து வேலை செய்யும். 20-உம் அதற்குக் கீழும் என்றால் செய்யாது. அகார் தடித்துப்போனாலும், கிருமியை அடர்த்தியாகப் பூசிவிட்டாலும் வட்டம் பொய்யாகச் சுருங்கும். அதனால்தான் தரம் தெரிந்த கிருமி ஒன்றையும் கூடவே வைத்துச் சரிபார்ப்பார்கள். வட்டம் நிஜமாகவே சுருங்கிய கிருமிகளின் மரபணுவைப் படித்தால், பெரும்பாலும் ஜைரேஸ் என்ற புரதத்தின் 83-ஆவது இடத்தில் செரின் என்ற அமினோ அமிலம் போய் ஃபினைல்அலனினோ டைரோசினோ வந்திருக்கும். டிஎன்ஏவில் ஒரே ஒரு எழுத்து மாறியதன் விளைவு. அதற்கு முன் டைபாய்டுக்குக் கொடுத்த குளோராம்பெனிக்காலை எதிர்க்கும் கிருமி 1972-இல் கோழிக்கோட்டில் பரவியது. அந்த மருந்தைக் கொடுப்பது குறைந்தபின் அதற்கு அடங்கும் கிருமிகள் மறுபடி பெருகின. தேர்வின் திசை மாறியது, கூட்டமும் மாறியது.

"மருந்தைக் கண்டதும் கிருமி தன்னை மாற்றிக்கொண்டது" என்று பலரும் எழுதுகிறார்கள், ஆசிரியர்கள் உட்பட. அது தவறு, பரீட்சையில் மதிப்பெண்ணும் போகும். 1952-இல் எஸ்தர், ஜோசுவா லெடர்பெர்க் தம்பதி இதை ஒரு வெல்வெட் துணியால் தீர்த்தார்கள். மருந்து இல்லாத தட்டில் கிருமிக் கூட்டங்களை வளர்த்து, வெல்வெட்டால் முத்திரை போல ஒற்றி, அதே வரிசையில் மருந்துள்ள தட்டில் பதித்தார்கள். எந்த இடத்தில் கிருமி பிழைத்ததோ, மூலத் தட்டின் அதே இடத்திலிருந்து எடுத்த கிருமிகளில், மருந்தைப் பார்த்தே இராத நிலையிலும், எதிர்ப்பு இருந்தது. சடுதிமாற்றம், அதாவது மரபணுவில் விழும் மாற்றம், முன்பே தற்செயலாக நடந்திருந்தது. மருந்து செய்தது வடிகட்டுவது மட்டும்.

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடியில் தோல் பதனிடும் கழிவு கலந்த மண்ணில் குரோமியத்தைத் தாங்கும் பாக்டீரியாக்களைப் பல ஆய்வாளர்கள் பிரித்தெடுத்திருக்கிறார்கள். நச்சான குரோமேட் பார்க்க சல்ஃபேட் மாதிரி இருப்பதால் சல்ஃபேட் வாசல் வழியாகவே செல்லுக்குள் நுழைந்துவிடும். தாங்கும் பாக்டீரியா அதை வெளியே இறைக்கும் பம்பு ஒன்றை வைத்திருக்கும், அல்லது நச்சு குறைந்த மூன்றாம் நிலைக் குரோமியமாக மாற்றிவிடும். அந்தப் பம்பின் மரபணு தோல் தொழிலைவிட மிகப் பழையது, புதிதாகப் பிறந்ததல்ல. பாலாற்றங்கரை மண்ணில் அது இல்லாதவை செத்து, இருப்பவை மிஞ்சின.

இந்த இடத்தில் வரும் மறுப்பு வலுவானது: "பாக்டீரியா பாக்டீரியாவாகவே இருக்கிறது, கத்திரி கத்திரியாகவே இருக்கிறது. ஒரு இனம் இன்னொன்றாக மாறியதைக் காட்டு." பெரிய மாற்றங்களுக்கு வேண்டிய காலம் அவ்வளவு பெரியது, அவற்றை நேரில் காட்ட முடியாது. ஆனால் ஒரே குடும்பம் என்பதை நேரில் பார்க்காமலும் நிரூபிக்கலாம், பத்திரப்பதிவில் நிரூபிப்பதுபோல.

ஆடும் மாடும் நாயும் வைட்டமின் சி-யைத் தாமே தயாரித்துக்கொள்ளும். நமக்கு நெல்லிக்காய் வேண்டும். ஏலகிரி மலைப்பாதையில் பையைப் பிடுங்கும் குரங்குக்கும் பழம் வேண்டும். அதைத் தயாரிக்கும் மரபணு நம்மிடம் இல்லாமலில்லை. இருக்கிறது, ஆனால் 12 துண்டில் 7 தொலைந்து உடைந்து கிடக்கிறது. சிம்பன்சியிலும் உராங்குட்டானிலும் அதே மரபணு உடைந்துதான் கிடக்கிறது, பழுதின் சாயலும் ஒன்றே. கினிப்பன்றியும் இந்தத் திறனை இழந்த விலங்குதான், ஆனால் அதன் பழுதின் அமைப்பு வேறு. பொது வடிவமைப்பாளர் ஒருவர் நல்ல பாகங்களை எல்லா உயிர்களிலும் பயன்படுத்தினார் என்று சொல்லலாம். ஒரே பழுதை மனிதனிலும் குரங்கிலும் ஒரே மாதிரி வைத்து, கினிப்பன்றியில் மட்டும் வேறு மாதிரி வைத்தது ஏன் என்பதற்கு அந்த வாதத்தில் பதில் இல்லை. பக்கத்து இருக்கைக்காரனின் விடைத்தாளைப் பார்த்து எழுதியவனை ஆசிரியர் பிடிப்பது சரியான விடைகளை வைத்தல்ல, ஒரே இடத்தில் ஒரே மாதிரி வந்த தப்பை வைத்துத்தான்.

இன்னொன்று முன்கூட்டியே சொல்லிப் பலித்தது. பெருங்குரங்குகளுக்கு 24 ஜோடிக் குரோமோசோம், நமக்கு 23. பொது மூதாதை உண்டென்றால் எங்கோ இரண்டு ஒட்டியிருக்க வேண்டும். வழக்கமாகக் குரோமோசோம் முனைகளில் வரும் டிடிஏஜிஜிஜி என்ற தொடர் நம் ஏதோ ஒரு குரோமோசோமின் நடுவில் இருக்க வேண்டும். 1991-இல் இரண்டாம் குரோமோசோமில், இரண்டு முனைகள் நேருக்கு நேர் மோதியதுபோல், அதைக் கண்டார்கள். அப்படி எதுவும் கிடைத்திராவிட்டால் பொது மூதாதைக் கொள்கை அந்த இடத்திலேயே பெரிய சிக்கலில் மாட்டியிருக்கும்.

திமிங்கலம் நிலத்தில் நடந்த விலங்குகளிலிருந்து வந்தது என்பதற்குக் காஷ்மீரே சாட்சி. இந்தியப் புவியியலாளர் ஏ. ரங்கா ராவ் அங்கே சேகரித்த பாறைகள், அவர் இறந்தபின் அவர் மனைவி மூலமாக ஆய்வாளர் ஹான்ஸ் தெவிசன் கைக்கு வந்தன. சுத்தம் செய்கையில் ஒரு மண்டையோடு தவறிப்போய் உடைந்தது. உடைந்த இடத்தில் தெரிந்த காதெலும்பின் சுவர் தடித்திருந்தது. திமிங்கலக் குடும்பத்தின் முத்திரை அது. 2007-இல் வெளியான அந்த விலங்கு இண்டோஹையஸ்: பூனை அளவு, குளம்புக் கால், 4.8 கோடி ஆண்டு.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. நம் மலைகளில் ஏன் ஒன்றும் இல்லை? வேலூர்க் கோட்டை மதிலைத் தொட்டுப் பாருங்கள்; அது இந்தச் சுற்றுவட்டாரத்துக் கருங்கல். வடதமிழ்நாட்டின் இந்தப் பாறைகள் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில் 700 டிகிரிக்கு மேல் வெந்தவை. அப்போது பூமியில் நுண்ணுயிரிகள் மட்டும்தான். எலும்பும் சிப்பியும் பிறக்கவே இல்லை. நுண்ணுயிரின் சுவடு இருந்திருந்தாலும் அந்தச் சூட்டில் தங்கியிராது. திருப்பத்தூர்ப் பக்கம் வெர்மிகுலைட் என்ற கனிமம் எடுக்கும் சேவத்தூரின் பாறை சுமார் 77 கோடி ஆண்டு. அதுவும் உருகிய குழம்பு உறைந்தது, எச்சம் இருக்காது. புதைபடிவம் படிவுப் பாறையில்தான் தங்கும். அதற்குத் திருவக்கரை போங்கள், கல்லான மரங்கள் கிடக்கின்றன, சுமார் 2 கோடி ஆண்டு. அரியலூரில் கடல் இருந்த காலத்து அம்மோனைட் என்ற அழிந்துபோன கடலுயிரியின் சுருள்கள், சுமார் 10 கோடி முதல் 6.6 கோடி வரை. அந்த அரியலூர்ப் பாறையில் ஒரே ஒரு மாட்டெலும்பு கிடைத்தாலும் உயிரியல் புத்தகத்தைத் திருத்தி எழுத வேண்டிவரும். ஒன்றுகூடக் கிடைத்ததில்லை. நோவா காலத்து ஒரே வெள்ளத்தில் எல்லாம் புதைந்திருந்தால் எல்லாம் கலந்தல்லவா கிடக்க வேண்டும்?

பாறையின் வயதை எப்படிச் சொல்கிறார்கள்? ஜிர்கான் என்ற சிறு படிகம் உறையும்போது யுரேனியத்தை உள்ளே விடும், ஈயத்தைத் தள்ளிவிடும். பின்னால் உள்ளே காணும் ஈயம் யுரேனியம் சிதைந்து வந்தது. ஒரே படிகத்தில் இரண்டு கடிகாரம்: யுரேனியம் 238 பாதியாக 447 கோடி ஆண்டு, 235 பாதியாக 70 கோடி ஆண்டு. பாறை பின்னால் மறுபடி சூடாகி ஈயம் கசிந்திருந்தால் இரண்டும் வேறு வேறு வயது காட்டும். கடிகாரம் கெட்டதை அதுவே சொல்லிவிடும். "1980-இல் வெடித்த எரிமலையில் உறைந்த கல்லுக்கு மூன்றரை லட்சம் வயது காட்டியதே" என்பார்கள். காட்டியது பொட்டாசியம்-ஆர்கான் முறை, 125 கோடி ஆண்டு பாதிவாழ்வு கொண்டது. புதுக் கல்லில் பழைய படிகங்கள் கொண்டுவந்த ஆர்கானே அந்த அளவுக்குப் போதும். நெல் மூட்டை நிறுக்கும் எடைமேடையில் மூக்குத்தியை வைத்தால் வரும் எண் அது. கார்பன் 14 இதற்கு நேர் எதிர்: பாதிவாழ்வு 5,730 ஆண்டு, 50,000 ஆண்டுக்கு மேல் பயனில்லை. பையம்பள்ளியில் தோண்டிய புதிய கற்கால அடுப்புக்கரிக்கு அது பொருந்தும், டைனோசருக்குப் பொருந்தாது.

இனி மகளிடம் பேசுவது. "சபையில் சொல்வது பொய்" என்று தொடங்காதீர்கள். ஆதியாகமத்தின் நாளை 24 மணி நேரமாக எல்லாக் கிறிஸ்தவர்களும் எடுப்பதில்லை. எபிரேயத்தின் யோம் என்ற சொல்லும் குர்ஆனின் யவ்ம் என்ற சொல்லும் நாளையும் குறிக்கும், நீண்ட காலத்தையும் குறிக்கும். உலகம் கி.மு. 4004-இல் படைக்கப்பட்டது என்பது 1650-இல் பேராயர் அஷர் வம்சப் பட்டியலைக் கூட்டிச் சொன்ன கணக்கு. வேதத்தில் அந்த எண் கிடையாது. 1996-இல் போப் இரண்டாம் ஜான் பால் பரிணாமம் ஒரு கருதுகோளுக்கும் மேலானது என்றார். நவீனப் பரிணாம உயிரியலைக் கட்டியவர்களில் ஒருவரான டாப்ஜான்ஸ்கி தேவநம்பிக்கையுள்ளவர். மருத்துவ மிஷனரி ஐடா ஸ்கடர் 1900-இல் தொடங்கிய நம் ஊர் சி.எம்.சி. மருத்துவமனையிலும் ஜெபமும் மரபணு ஆய்வும் ஒரே நிறுவனத்துக்குள்தான் நடக்கின்றன. கடவுள் உண்டா இல்லையா என்பதை அகார் தட்டு தீர்க்காது. ஆனால் "விஞ்ஞானத்துக்கு இன்னும் தெரியாத இடத்தில்தான் கடவுள் இருக்கிறார்" என்று பிள்ளைக்குக் கற்றுக்கொடுத்தால், ஒவ்வொரு புதிய கண்டுபிடிப்பும் அவள் விசுவாசத்தில் ஒரு செங்கல்லை உருவும். இதைச் சபைப் பெரியவர்களிடமே சொல்லலாம்.

நம் பக்கத்திலும் ஒரு திருத்தம் தேவை. "புல்லாகிப் பூடாய்" என்ற மாணிக்கவாசகர் அடியும் தசாவதாரமும் டார்வினுக்கு முன்பே பரிணாமத்தைச் சொன்னவை என்று மேடையில் முழங்குவதுண்டு. அந்த அடி ஓர் ஆன்மா பிறவிதோறும் எடுக்கும் உடல்களைச் சொல்வது. ஓரினம் தலைமுறைகளில் மாறுவதைச் சொல்லவில்லை. அவதார வரிசை பின்னாளில் பொருத்திப் பார்த்தது. அந்தப் பாடலின் உருக்கத்துக்கு உயிரியல் சான்றிதழ் எதற்கு?

பரீட்சைக்கு அவள் பாடத்தில் உள்ளதை எழுதட்டும். எழுதுவது விளங்கிக்கொண்டதற்குச் சான்று, விசுவாச அறிக்கை அல்ல. வீட்டில் ஒரு மாலை இதைச் செய்துபாருங்கள். வெள்ளைக் காராமணி 50, சிவப்புக் காராமணி 50, ஒரே அளவாகப் பொறுக்கிக்கொள்ளுங்கள். கோணிச் சாக்கை விரித்து மகளைத் திரும்பி நிற்கச் சொல்லித் தூவுங்கள். திரும்பியதும் 20 விநாடி, ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். மிஞ்சியதை நிறவாரியாக எண்ணி நோட்டில் எழுதி, மிஞ்சிய ஒவ்வொன்றுக்கும் அதே நிறத்தில் ஒரு பிள்ளை சேர்த்து, சாக்கை உதறி மறுபடி தூவுங்கள். நான்கு சுற்று. அள்ளி எடுத்தால் நிறத்துக்கு வேலையில்லாமல் போய் விளையாட்டு கெடும். சாக்கின் மடிப்பில் விழுந்தவை நிறம் எதுவானாலும் பிழைக்கும், அதையும் எழுதச் சொல்லுங்கள், அதிர்ஷ்டமும் பரிணாமத்தில் ஒரு பங்கு. மூன்றாம் சுற்றில் ஒரே ஒரு கருப்புக் காராமணியைப் போடுங்கள்; அது சடுதிமாற்றம். பல நேரம் முதல் எடுப்பிலேயே தொலைந்துவிடும். நான்கு சுற்று முடிந்ததும் சாக்கை எடுத்துவிட்டு, மிஞ்சியதை அப்படியே ஒரு வெள்ளை வேட்டியில் தூவித் தொடருங்கள். இதுவரை பெருகிவந்த சிவப்பு எத்தனை சுற்றில் சரிகிறது என்று அவளே எண்ணட்டும்.